மீன் லாரிக்கும் ஒரு பாஸ் கொடுங்கள்

ஐயா,

மண்டபத்தில் ஒற்றை லாரி வைத்திருக்கிறேன், ஓட்டுவதும் நானே. பாம்பன், ராமேஸ்வரம் கரையிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைக் கேரளத்துக்கு ஏற்றிப் போவேன். போகும்போது லோடு உண்டு, திரும்பும்போதுதான் வயிற்றெரிச்சல். வியாபாரம் படுத்ததிலிருந்து, திரும்பும் லோடுக்குப் புரோக்கர் சொல்லும் வாடகை டீசலுக்கே காணாது. வேண்டாம் என்றால் பின்னால் நாலு வண்டி நிற்கிறது. போன மாதம் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, காலிப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில், என் லாரி வேப்பமரத்தடியில். மீனவருக்கு நிவாரணம் உண்டு. வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. வண்டித் தவணைக்குத்தான் தடைக்காலம் கிடையாது. 2020 கொரோனாவில் ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்ததே! (வட்டி ஓடியது வேறு கதை.) அதுபோல இந்த 61 நாளுக்கும் செய்யலாம்.

அப்புறம் சுங்கச்சாவடி. 2025 ஆகஸ்டில் சொந்தக் காருக்கு 3,000 ரூபாயில் ஆண்டு பாஸ் வந்தது, 200 பயணத்துக்கு. வாடகை வண்டிக்கு இல்லை. ஒற்றை லாரிக்காரனுக்காவது ஒரு பாஸ் கொடுங்களேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்,
மண்டபம்.