காரியஸ்தர் பெயரில் ஒரு வினைச்சொல்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, வாய்தான் அடங்கவில்லை.

உங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்காரரைப் 'பாய்காட்' செய்யப்போவதாக எழுதியிருக்கிறாயே, அது ஓர் ஆளின் பெயர் தெரியுமா? சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். அயர்லாந்தில் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். விளைச்சல் பொய்த்த சமயம். குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு 10க்கு மேல் இறங்கவில்லை. 1880 செப்டம்பரில், கட்டாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ் போனது.

அதே மாதம் எனிஸ் என்ற ஊரில், குடியானவர்கள் பக்கம் நின்ற அயர்லாந்துத் தலைவர் பார்னெல் பேசினார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். சுட்டுத் தள்ளு என்று கூட்டத்தில் குரல் வந்தது. அது வேண்டாம், ரோட்டிலும் கடையிலும் சந்தையிலும், தேவாலயத்தில்கூட, அவனுக்கு யாரும் முகம் கொடுக்காதீர்கள் என்றார். மேயோக்காரர்கள் அதைக் காரியஸ்தர் மேலேயே பிரயோகித்தார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, கடையில் சாமான் இல்லை, தபாலும் வரவில்லை. கடைசியில் அறுவடைக்கு வடக்கேயிருந்து 50 ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காவல், சிப்பாயும் போலீசுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர்! சுமார் 500 பவுண்டு விளைச்சலை வீடு சேர்க்க 10,000 பவுண்டு செலவாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

பெயர் வைத்தவர் ஓமாலி என்ற உள்ளூர்ப் பாதிரியார். 'ஆஸ்ட்ரசைஸ்', அதாவது ஒதுக்கிவைப்பது, என்ற ஆங்கிலச் சொல் குடியானவர்களுக்குப் புரியாதே என்று ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் யோசிக்க, 'பாய்காட் பண்ணுவது' என்று சொன்னால் என்ன என்றாராம் பாதிரியார். அந்த வருஷம் முடிவதற்குள் லண்டன் பத்திரிகைகளிலேயே வந்துவிட்டது. அப்புறம் பிரெஞ்சு, ஜெர்மன் என்று பரவியது. மனிதர் 1897 வரை இருந்தார். தன் பெயரை வினைச்சொல்லாகப் பத்திரிகையில் படித்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறார், பாவம்.

ஆனால் எனக்கு இதில் முழுச் சந்தோஷம் வரவில்லை. நம் பக்கத்து ஊர்விலக்கு ஞாபகம் வருகிறது. தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, முடிவெட்ட ஆள் கிடையாது. ஆயுதம் அதேதான். மேயோவில் வசதி இல்லாதவர்கள் சேர்ந்து வசதி இருப்பவரை நோக்கி எடுத்தார்கள். இங்கே பெரும்பாலும் இருப்பவன் இல்லாதவன்மேல் எடுத்தான். உங்கள் ஆள் எந்த ரகம்? கணக்குக் காட்டாமல் மிரட்டுகிறவர் என்றால் சரி. பராமரிப்புப் பணம் கட்ட முடியாதவர் என்றால் நான் உன் பக்கம் இல்லை, சொல்லிவிட்டேன்.

தை மாதம் சின்னவளுக்குக் கல்யாணம். பத்திரிகை தனியாக வரும். நீ முன்னதாகவே வந்துவிடு. சமையல்காரரிடம் விலை பேச எனக்குச் சாமர்த்தியம் போதாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்