சீதாப்பழ விதையும் ஒன்பதாம் நாளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், ‘ஒரே நாளில் பேன் ஒழிய’ என்ற தலைப்பில் சீதாப்பழ விதையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பிள்ளைகளின் தலையில் பூசச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கிழித்துப் போடவும். அந்த விதைப்பொடி பேனைக் கொல்லும், அது உண்மை. ஆனால் நெற்றியில் வழிந்தோ, தலை அலசும்போதோ கண்ணுக்குள் ஒரு துளி போனால் கருவிழியின் மேற்பரப்பையே புண்ணாக்கிவிடும். கண் எரியும், நீர் கொட்டும், வெளிச்சத்தில் விழிக்க முடியாது. அப்படிப் பட்டுவிட்டால் ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம்.

நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்கும் காக்காய்க்கொல்லி விதை இதைவிட ஆபத்தானது. உடம்புக்குள் போனால் வலிப்பு வரும். சொறிந்து புண்ணான தலையில் அதைப் பூசுவது விஷத்துக்கு வாசல் திறந்துவிடுவதுதான். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தேய்ப்பதும் சின்னக் குழந்தைக்கு ஆகாது. கற்பூரமும் வலிப்பை உண்டாக்கும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கரப்பானுக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியைத் தலையில் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

விதையை விட்டுத்தள்ளினாலும் அந்தத் தலைப்பு மிச்சமிருக்கிறது. எந்த மருந்தைப் போட்டாலும் ஒரே நாளில் பேன் ஒழியாது. பேன் மருந்து பலிக்கவில்லை என்று எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் மருந்தைச் சரியாகவே போட்டிருப்பார்கள். இரண்டாம் முறை போட்டிருக்க மாட்டார்கள்.

காரணம் ஈர்தான். பெண் பேன் நாளொன்றுக்கு 6 முதல் 8 ஈர் வரை வைக்கும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க இன்னும் ஒன்றரை வாரம் பிடிக்கும். கடைகளில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன், நடமாடும் பேனின் நரம்பைத் தாக்கிக் கொல்கிறது. புதிதாக வைத்த ஈரின் உள்ளே நரம்பே இன்னும் உருவாகியிருக்காது, மருந்து எதைத் தாக்கும்? ஆகவே முதல் முறை தப்பிய ஈர் பொரிந்தபின், அந்தக் குஞ்சுகள் ஈர் வைக்கும் வயதுக்கு வருமுன், இரண்டாம் முறை போட வேண்டும். மூன்றாம் நாளே போட்டால் ஈர் ஓட்டுக்குள்ளேயே இருக்கும். மூன்று வாரம் கழித்துப் போட்டால் புது ஈர் ஒட்டியிருக்கும். 9ஆம் நாள் பொருத்தமானது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றும்போது போட்டால், போட்ட நாளை விட்டு எண்ண, அடுத்த வெள்ளியைத் தாண்டி வரும் ஞாயிறுதான் அந்த நாள். காலண்டரில் அன்றே வட்டம் போட்டுவிடுங்கள்.

போடும் முறையிலும் சறுக்கல் உண்டு. முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அலச வேண்டும்; கண்டிஷனர் கூடாது. அது முடியில் படலம் போட்டு மருந்தை ஒட்டவிடாமல் செய்யும். எண்ணெய்த் தலையில் அப்படியே பூசுவதும் வீண்தான். துண்டால் நன்றாகத் துவட்டி, ஈரப்பதம் மட்டும் இருக்கும்போது பூச வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த முடியில் மருந்து நீர்த்துப்போகும். பிடரியும் காதுக்குப் பின்புறமும் விட்டுப்போகாமல் வேர் முதல் நுனிவரை நனைய வேண்டும். இடுப்பு வரை முடி வளர்ந்த பெண் பிள்ளைக்கு ஒரு சின்ன பாட்டில் போதாது, கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கண்ணை மடித்த துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். 10 நிமிடம் கழித்து அலசிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கூடுதல் பலன் கிடையாது. அடுத்த இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம்.

மருந்துக்கடையில் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிரங்குக்கு உடம்பில் பூசுவது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த லோஷனும் வேண்டாம், சீப்பு மட்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். ஓரிரு பேன் தள்ளாடிக்கொண்டு இருந்தால் மருந்து வேலை செய்கிறது. முன்போலவே விறுவிறுவென்று ஓடினால் அந்த மருந்துக்கு அவை பழகிவிட்டன. அதையே திரும்பத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை, மருத்துவரைப் பாருங்கள். டைமெத்திகோன் போன்ற, பேனை மேலே மூடிக் கொல்லும் எண்ணெய் வகை மருந்துகளும் உண்டு. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு, ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கூடாது. எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். தலையில் சீழ்ப்புண் இருந்தாலோ, பிடரியில் நெறி கட்டியிருந்தாலோ லோஷன் வாங்குமுன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தனைக்கும் முன்னால், பேன் இருக்கிறதா என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஈர் தெரிந்தவுடன் மருந்தை ஊற்றிவிடுகிறோம். நம் பிள்ளைகளின் கறுப்பு முடியில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிபவை பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடு. உயிருள்ள ஈர் பழுப்பு நிறம். தலைத்தோலை ஒட்டி, பெரும்பாலும் அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள், முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால், நான்கு விரற்கடை தள்ளித் தெரியும் கூடு பல மாதத்துப் பழசு. வெப்பமான ஊர்களில் உயிர் ஈர் இன்னும் சற்றுத் தள்ளியும் இருக்கலாம் என்பதால், தூரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பொடுகு ஊதினாலே பறக்கும். ஈரை இரண்டு நகத்துக்கு நடுவே பிடித்து இழுத்தால்தான் வரும். ஊர்ந்து போகும் பேன் ஒன்றையாவது கண்ணால் பார்த்த பிறகே மருந்து.

பேன் எள்ளளவுதான் இருக்கும், வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும். அதனால் உலர்ந்த தலையில் விலக்கி விலக்கித் தேடுவதைவிட, நனைத்துக் கண்டிஷனரோ தேங்காயெண்ணெயோ தாராளமாகத் தடவினால் அது நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும். சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, முடியை நான்காகப் பிரித்து, பேன்சீப்பின் பல் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். அங்கேதான் பேன் கால் உதறும். பல் நெருக்கமான உலோகச் சீப்பு நல்லது; பிளாஸ்டிக்கில் பல் வளைந்து பேன் நழுவிவிடும். பழைய வீடுகளில் ஈர் உருவ ஈருளி என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள், அதைச் செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மருந்தே வேண்டாம் என்பவர்கள் 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் இப்படிச் சீவினால் போதும். 17ஆம் நாள் ஒரு பரிசோதனை. நீண்ட முடிக்கு ஒரு தடவைக்கு அரை மணி நேரம் வேண்டும். பொறுமை இல்லையென்றால் லோஷனே தேவலாம்.

வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், பாட்டி தலை உட்பட. பேன் இருப்பவர்களுக்கு மட்டும், ஆனால் ஒரே நாளில், மருந்து. வீட்டுக்குள் பூச்சிமருந்து அடிக்க வேண்டியதில்லை. தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். முந்தைய இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சீப்பைக் கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் 10 நிமிடம் போட்டுவையுங்கள்.

இரண்டு முறையும் மருந்து போட்டு முடித்து ஒரு மாதம் கழித்து மறுபடி பேன் தெரிந்தால், கண்டபடி மருந்தைக் குறை சொல்லுமுன் சீப்பில் விழுந்ததைப் பாருங்கள். சிறிதும் பெரிதுமாக எல்லா அளவிலும் இருந்தால் முதல் சுற்று தோற்றது. பெரிய பேன் இரண்டு மூன்று மட்டும் என்றால் புதிதாக ஏறியவை. பக்கத்து பெஞ்சு, பக்கத்து வீடு, டியூஷன் எங்கிருந்தாவது.

அதனால்தான் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. பேன் இருக்கிற பிள்ளையை எழுப்பி நிறுத்துவதும், வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும், மொட்டை போடச் சொல்வதும் வேண்டாம். முதல்முறை பேன் ஏறிய தலை அரிக்கத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்; நீங்கள் கண்டுபிடிக்கிற அன்று அந்தப் பிள்ளை ஒரு மாதமாக அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அன்று மட்டும் வீட்டுக்கு அனுப்பி யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? பெயர் சொல்லாமல் அந்த வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாத் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். முடியை இறுக்கிப் பின்னி வரச் சொல்வது நல்ல விதி, அதைத் தொடருங்கள். பேன் பறக்காது, தாவாது, தலையும் தலையும் உரசும்போதுதான் ஏறும்.

சீதாப்பழ விதை பற்றிய எச்சரிக்கையை, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோல்நோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
திருச்சி.