2.85 மீட்டர் என்று சொல்லி 3.12 மீட்டர் வண்டியைக் கொடுத்தீர்கள்: பிரான்ஸ் மோட்டார்ஹோம் பயணம் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை

பொருள்: தென்மேற்கு பிரான்ஸ் மோட்டார்ஹோம் பயணம் – மாற்றித் தரப்பட்ட வண்டி, தவறான உயரம், காருக்காக எழுதப்பட்ட வழித்திட்டம் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற அக்டோபரில் உங்கள் மூலமாக போர்தோவில் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) எடுத்து பெரிகோர், லொட் பள்ளத்தாக்கு, அல்பி, கார்கசோன் எல்லாம் சுற்றி துலூஸில் வண்டியை ஒப்படைத்த குடும்பம் நாங்கள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அப்பா அம்மா. ஊர் திரும்பியதிலிருந்து எத்தனையோ முறை போன் செய்துவிட்டேன், "மேல சொல்லியிருக்கோம் சார்" என்பதைத் தவிர ஒரு பதிலும் இல்லை. இதற்கு நடுவில் கூரை சேதத்துக்காக எங்கள் முன்பணத்திலிருந்து 900 யூரோ பிடித்துக்கொண்டதாக மின்னஞ்சல் மட்டும் சரியாக வந்து சேர்ந்தது. அதனால் நடந்ததை எழுத்தில் வைக்கிறேன்.

முன்பதிவு செய்யும்போதே நான் கேட்டது கூரை தாழ்ந்த மாடல். அம்மாவுக்கு முட்டி வலி, ஏணி ஏறிப் படுக்க முடியாது, பின்பக்கம் நிலையான கட்டில் வேண்டும் என்று காரணத்தையும் எழுதியிருந்தேன். நீங்கள் அனுப்பிய உறுதிக் கடிதத்திலும் அதே மாடல்தான், உயரம் 2.85 மீட்டர். போர்தோவில் எங்களுக்குக் காத்திருந்ததோ ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வேறு வண்டி. கேட்டதற்கு, "அதே வகைதான், இன்னும் வசதியானது" என்றார்கள். சாவி கொடுத்தவர் காட்டிய தாளிலும், முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையிலும் உயரம் 2.85 என்றுதான் இருந்தது. வண்டியை மாற்றியவர்கள் அட்டையை மாற்றவில்லை. எங்களுக்கு வந்த கஷ்டத்தில் பாதிக்கு மேல் அந்த அட்டையிலிருந்து வந்ததுதான்.

முதல் சந்தேகம் சுங்கச்சாவடியில் வந்தது. பிரான்சில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு வண்டியின் உயரம் முக்கியம். 2 மீட்டர் வரை முதல் வகுப்பு, 2-க்கும் 3-க்கும் நடுவில் இரண்டாம் வகுப்பு, 3 மீட்டரைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு, அதாவது சின்ன லாரிகளோடு சேர்த்துவிடுவார்கள். போர்தோவிலிருந்து ஏ89 நெடுஞ்சாலையில் வந்து வெளியேறும்போது இயந்திரம் எங்களுக்கு மூன்றாம் வகுப்பு போட்டது. உடனே வண்டியை ஓரம் கட்டி, உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்கு ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, உயரம் என்ன என்று கேட்டேன். வந்த பதில் இது: "2.85 தான் சார், மெஷின் தப்பா எடுத்திருக்கும், பயப்படாம போங்க." அந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அந்த வார்த்தையை நம்பித்தான் போனோம். ஒரு சின்ன ஊரின் எல்லையில் பழைய ரயில் பாலம், சிவப்பு வட்டத்துக்குள் 3 மீட்டர் என்று எழுதிய பலகை. 2.85 என்றால் தாராளமாகப் போகலாம். மெதுவாகத்தான் விட்டேன். தலைக்கு மேலே கரகரவென்று ஒரு சத்தம், பிறகு படார் என்று ஏதோ உடைந்தது. கூரை ஜன்னலின் பிளாஸ்டிக் மூடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ரோட்டில் கிடந்தது. பின்னால் வந்த காரோட்டிகள் இறங்கி வந்து வழி ஒழுங்குசெய்து, நாங்கள் பின்வாங்க உதவினார்கள். அன்று ராத்திரி மழை. குப்பைப் பையை விரித்து டேப் போட்டு ஒட்டியும் தண்ணீர் சொட்டி மேல் படுக்கை முழுக்க நனைந்துவிட்டது, பிள்ளைகள் இருவரும் சாப்பாட்டு மேசை பெஞ்சில் மடங்கிப் படுத்தார்கள்.

உண்மையான உயரம் தெரிந்தது கஹோர் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில். விவசாயிகளும் ஒயின் தயாரிப்பவர்களும் தங்கள் நிலத்தில் மோட்டார்ஹோம்களை ஒரு ராத்திரி இலவசமாக நிறுத்த விடும் பிரான்ஸ் பாசியோன் என்ற ஏற்பாடு 1993-லிருந்து அங்கே இருக்கிறது. உங்கள் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வழியில் சந்தித்த ஒரு டச்சுத் தம்பதிதான் எங்களுக்குச் சொன்னார்கள். அந்தத் தோட்டக்காரப் பெரியவர் உடைந்த மூடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குள் போய் ஏணியும் அளவு டேப்பும் எடுத்துவந்தார். கூரை விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை மட்டமாக வைத்து, அதன் நுனியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, கீழே என் மகனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். 3.12 மீட்டர். சந்தேகம் வேண்டாம் என்று மறுபக்கமும் அளந்தார், அதே 3.12. டேப் தெரியும்படி எடுத்த படங்களும் இணைப்பில் உள்ளன.

இப்போது சொல்லுங்கள், 900 யூரோ யார் கொடுக்க வேண்டியது? "மேற்கூரை சேதத்துக்குக் காப்பீடு கிடையாது, அது ஓட்டுபவர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது, அதை நான் படித்தேன், கையெழுத்தும் போட்டேன். ஆனால் ஓட்டுபவர் பொறுப்பேற்க வேண்டுமானால் அவருக்கு வண்டியின் உயரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அட்டை தவறு, தாள் தவறு, கேட்டபோது உங்கள் ஆள் எழுத்தில் கொடுத்த உறுதியும் தவறு.

அடுத்தது வழித்திட்டப் புத்தகம். அழகான படங்கள், வழவழப்பான தாள், எல்லாம் சரி. ஆனால் அது ஒரு காருக்கு எழுதியது, ஏழு மீட்டர் நீள வண்டிக்கு அல்ல. சனிக்கிழமை காலை சார்லா ஊரின் நடுச் சதுக்கத்துக்கு வண்டியிலேயே போய் இறங்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை அங்கே சந்தை! பழைய ஊர் முழுக்க வால்நட்டும் காளானும் ஆட்டுப்பால் சீஸும் வாத்துக்கறியுமாகக் கடைகள் நிற்கும், நடந்து போகிறவர்களுக்கே இடம் இருக்காது. டோம் ஊரில் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை வாசல் வழியாக உள்ளே போகச் சொல்கிறீர்கள். மோட்டார்ஹோம்களுக்கு ஊருக்கு வெளியே தனி இடம் இருக்கிறது, உங்கள் புத்தகத்தில்தான் இல்லை. ரோகமதூர் செங்குத்துப் பாறையில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் ஊர், யாத்ரீகர்கள் ஏறும் 216 படிகள்தான் அதன் பெருமையே, அங்கே கீழ்த்தெருவில் வண்டியை நிறுத்தலாமாம். மேலே லோஸ்பிதாலே பக்கம் நிறுத்திவிட்டு அங்கிருந்து பார்த்தால் முழு ஊரும் கண்முன் விரியும் என்பதை அங்கே போய் நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். சென்-சிர்க்-லாபோபி என்ற ஊருக்குப் போக லொட் ஆற்றோரச் சாலையைக் காட்டியிருக்கிறீர்கள், அதில் சுண்ணாம்புப் பாறை சாலைக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. உண்மை உயரம் தெரியாமல் அதற்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீரை "ஒதுக்குப்புறமான இடத்தில் திறந்துவிடலாம்" என்று 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது. இதை எழுத எப்படி மனம் வந்தது? அங்கே ஊருக்கு ஊர் இதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள், அழுக்குத் தண்ணீரையும் கழிவறைப் பெட்டியையும் அங்கே கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், பல ஊர்களில் இலவசம், சில இடங்களில் சில்லறை அல்லது டோக்கன். நம்மை நம்பி ராத்திரி தங்க விடுகிற ஊரில் போய் சாக்கடையைத் திறந்துவிடச் சொல்வது அநியாயம். அந்தப் பக்கத்தை உடனே எடுங்கள்.

இத்தனைக்கும் மேலே எனக்கு ஆறாமல் இருப்பது லாஸ்கோ. என் அப்பா ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். 1940 செப்டம்பரில் இளைஞர்கள் கண்டுபிடித்த அந்தக் குகை ஓவியங்களைப் பல வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிப் பாடம் நடத்தியவர். பார்க்க வருகிறவர்களின் மூச்சுக்காற்றாலேயே ஓவியம் கெடுகிறது என்று அசல் குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள், இப்போது பார்க்க முடிவது நகல்களைத்தான், நாங்கள் போனது 2016-இல் மோந்தினியாக்கில் திறந்த பெரிய நகலுக்கு. நேரம் குறித்த நுழைவுச்சீட்டு, வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். நீங்கள் போட்ட கணக்கு: பத்து மணிக்கு போர்தோவில் சாவி, பன்னிரண்டரைக்கு லாஸ்கோ. அங்கே போய்ச்சேரக் காரிலேயே இரண்டு மணி நேரம் ஆகும். காஸ், தண்ணீர், பாட்டரி, கழிவறை என்று வண்டியை விளக்கிக் கொடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் போய் நின்றபோது எங்கள் குழு உள்ளே போய்விட்டது, அன்றைக்கு வேறு நேரமும் காலியில்லை. அடுத்த நாளுக்கு உங்கள் திட்டத்தில் இடமில்லை, ஏனென்றால் சனிக்கிழமை சார்லா. அப்பா எதுவும் சொல்லவில்லை, கடையில் காளை படம் போட்ட அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஊரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அல்பியில் 1282-இல் கட்டத் தொடங்கிய அந்தச் செங்கல் தேவாலயத்தின் முன்னால் நின்றபோதும், கார்கசோனின் இரட்டை மதிலுக்கு நடுவே 52 கோபுரங்களையும் பிள்ளைகள் எண்ண முயன்றபோதும், இந்த நாட்டை இப்படித்தான், அவரவர் வேகத்தில், வீட்டையே கூட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இவ்வளவு கோபம். சரியான வண்டியையும் சரியான புத்தகத்தையும் கொடுத்திருந்தால் ஒரு குறையும் இல்லாத பயணம் இது.

எனக்கு வேண்டியது இவை. பிடித்த 900 யூரோவை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்குமான சுங்க வித்தியாசம், ரசீதுகள் இணைத்திருக்கிறேன். ஆறு பேரின் லாஸ்கோ நுழைவுக் கட்டணம். கேட்ட மாடலைத் தராததற்கு வாடகையில் நியாயமான கழிவு, அது எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள், பேசலாம். அப்புறம், பணத்தைவிட முக்கியமாக, அந்த வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டையை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். அடுத்த குடும்பம் ஏற்கெனவே அதை ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். போனில் பேசுவதாக இருந்தால் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
போர்தோ – துலூஸ் அக்டோபர் பயண வாடிக்கையாளர்