மாயாற்றங்கரையிலிருந்து

அன்பு மகன் குமரனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். முதுகுவலி என்று ஒருமுறை சொன்னாய். அதன்பின் எப்போது கேட்டாலும் ஒன்றுமில்லை என்று பேச்சை மாற்றுகிறாய். பொங்கலுக்கு வந்தபோது உன் பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் மூன்று இருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். வெறும் வயிற்றில் விழுங்காதே. தண்ணீர் நிறையக் குடி.

நேற்று அக்கரை நீர்மத்தி மரத்தில் ஒரு வெண்முதுகுப் பாறு, அந்தப் பிணந்தின்னிக் கழுகுதான், குஞ்சுக்குக் காவலிருந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அது. மாடு செத்தால் எத்தனை பாறு இறங்கியதென்று ஓடிவந்து சொல்லும் உன் நினைவுதான் வந்தது. இப்போது பாறுகள் குறைந்துபோய், பள்ளத்தில் மாட்டுப் பிணம் நாட்கணக்கில் நாறுகிறது, நாய்கள்தான் கூடுகின்றன, நாய் பெருகினால் வெறிநாய்க்கடி பயம் நம் வாசலுக்கே வருகிறது.

பாறுகள் செத்து அழிந்ததற்கு, மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணமென்று 2004-லேயே கண்டுபிடித்து, 2006-ல் கால்நடைக்குத் தடையும் விதித்தார்கள். ஆனால் மனிதருக்கான மருந்து பெரிய குப்பிகளில் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது. 2015-ல்தான் அதை 3 மில்லிக்குக் குறைத்தார்கள்.

நம் செவலை மாடு நோயில் செத்ததாகத்தானே உன்னிடம் சொன்னேன். நோய்தான். ஆனால் 2009-ல் அது படுத்தபோது, கூடாதென்று தெரிந்தே அந்தப் பெரிய குப்பியை வாங்கிவந்து மூன்று நாள் ஊசி போட்டவன் நான். புதைக்கச் சொன்னாள் அம்மா. குழிவெட்ட என் உடம்பு வளையாமல் பள்ளத்தில் இழுத்துப் போட்டேன். சில நாளில் மத்திக்கிளையில் ஒரு பாறு கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. ஏன் தூங்குகிறது என்று கேட்டாய்; வயதாகிவிட்டது என்றேன். சிறுநீரகம் கெட்டு, ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் உப்புப் படிந்து அவை சாகுமென்று பிறகுதான் அறிந்தேன். அன்று உனக்குச் சொன்ன பொய் இன்றும் என்னை விடவில்லை.

உன் உழைப்பைப் பற்றி ஊரில் கேட்போரிடமெல்லாம் பெருமையாகவே சொல்கிறேன். அப்பனிடம் மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய் என்பதுதான் மனதை அறுக்கிறது. அதே மருந்து முதுகுவலி மாத்திரையிலும் உண்டு. மனித உடம்பு பாறுபோல் உடனே சாய்ந்துவிடாது. ஆனால் வைத்தியரைக் கேளாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் நம் சிறுநீரகமும் கெடும். தண்ணீர் குடி. மருத்துவரைப் போய்ப் பார். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா