ஓகம் எழுத்தும் நிலாவின் பெயர்ப்பலகையும்

தஞ்சாவூர்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கழுத்து டாலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்டோபர் 12இல் பிறந்த நிலாவுக்குக் கெல்டிக், அதாவது பழங்கால ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் வழி வந்ததாகச் சொல்லும் பிறந்த மரம் ஐவி என்ற கொடி, எண் 11, குணம் விடாமுயற்சி, பின்பக்கத்தில் மூன்று சுழி. வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அழகுக்கு என்றால் தாராளமாக வாங்கு. இரண்டாயிரம் வருஷத்துப் பழைய அர்த்தம் என்று நம்பி மட்டும் வாங்காதே. அந்தக் காசுக்கு நல்ல ஓக் கட்டை ஒன்று வாங்கினால், குழந்தையின் பெயரையே நீ இருக்கும் அயர்லாந்தின் பழைய எழுத்தான ஓகத்தில் செதுக்கி வாசலில் மாட்டலாம். எப்படி என்று கீழே எழுதுகிறேன். முதலில் டாலர் விவகாரத்தை முடித்துவிடுவோம்.

பிறந்த மரத்தைச் சொல்லும் அந்த 13 மாத மர நாட்காட்டி பழையது அல்ல. ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948இல் வெளியிட்ட ஒரு நூலில் கோத்துக் கொடுத்தது. ஓகம் எழுத்தில் மெய்யெழுத்து 15. அதில் இரண்டைக் கழித்து 13 ஆக்கி, ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் 28 நாள் மாதம் ஒன்றுக்கு வைத்தார். ஐந்தாவதாக இருக்க வேண்டிய 'நின்' எழுத்தை மூன்றாவதாக வைக்கும் வரிசையை எடுத்துக்கொண்டார். 13ஐ 28ஆல் பெருக்கினால் 364. மிஞ்சிய ஒரு நாளை டிசம்பர் 23இல் பெயரில்லாமல் விட்டார். அந்தக் கணக்கில் செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 27 வரை 'கோர்ட்' மாதம், அதுதான் 11ஆவது. ஆக, 11 என்பது வெறும் வரிசை எண். பழைய ஓகம் வரிசையில் அதே எழுத்து 12ஆவது.

ஐவியும் அப்படித்தான். கோர்ட் என்றால் பழைய ஐரிஷில் வயல். எழுத்துப் பெயர்களுக்கு இடைக்காலப் புலவர்கள் விடுகதை மாதிரிச் சிறு தொடர்கள் எழுதி வைத்தார்கள். இந்த எழுத்துக்குக் கிடைப்பது 'புல்லிலெல்லாம் இனியது' என்பது. சுவரேறும் கொடியை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இதற்கு முந்தைய மாதத்துக்குத் திராட்சைக் கொடியைக் கொடுத்திருக்கிறார்கள். அது அயர்லாந்தில் இயற்கையாக வளரும் செடியே கிடையாது.

கெல்ட் மக்களின் உண்மையான நாட்காட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. 1897இல் பிரான்ஸின் கொலிஞியில் துண்டு துண்டாக எடுத்த வெண்கலப் பலகை, இப்போது லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு 62 மாதம். ஒவ்வொரு மாதமும் 29 அல்லது 30 நாள். வருஷத்துக்கு 12 மாதம் போக, நிலவையும் சூரியனையும் ஒட்டவைக்க ஐந்து வருஷத்தில் இரண்டு மாதம் கூடுதல். நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருகிறதே, அதே வேலை. 13 மரமும் இல்லை, 28 நாள் மாதமும் இல்லை.

ஓகம் எழுத்துக்கு மரத்தோடு சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருபது எழுத்துப் பெயர்களில் ஐந்து சந்தேகமில்லாமல் மரப் பெயர்கள்: பெய்த் என்றால் பிர்ச், ஃபெர்ன் என்றால் ஆல்டர், சாயில் என்றால் வில்லோ, தாயிர் என்றால் ஓக், கோல் என்றால் ஹேசல். மற்றவற்றில் சிலவற்றை வாதாடித்தான் மரமாக்க வேண்டும். சில, நம் வயல் மாதிரி, மரமே இல்லை. எல்லா எழுத்துக்கும் மரம் பொருத்தியது பிற்காலப் புலவர்கள். அவர்களும் மரத்தோடு நிற்கவில்லை. 1390 வாக்கில் எழுதப்பட்ட பாலிமோட் என்ற ஐரிஷ் சுவடியில் பறவை ஓகம், நிற ஓகம், கோட்டை ஓகம் என்று நூற்றுக்குப் பக்கம் வகைகள் வருகின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்யவும் ஒருவரையொருவர் மடக்கவும் வைத்திருந்த பட்டியல்கள் அவை. கடைக்காரர்கள் மரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கோட்டையை விற்க முடியாது போலிருக்கிறது.

மரத்துக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமானால் சட்ட நூலைப் பார். எட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் சட்டத்தில் 28 மரம், செடி, புதர்களை ஏழேழாக நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மேல் வகுப்பில் ஓக், ஹேசல், ஹோலி, யூ, ஆஷ், பைன், காட்டு ஆப்பிள். அடுத்தவன் மரத்தை வெட்டினால் அபராதம் கால்நடைக் கணக்கில். வகுப்பு இறங்க இறங்க அபராதமும் இறங்கும். கிளையை வெட்டினால் ஒரு தொகை, அடியோடு சாய்த்தால் வேறு தொகை. ஒவ்வொன்றும் ஏன் மேல் வகுப்பு என்பதற்குக் காரணமும் உண்டு. ஓக்கின் கொட்டையைத் தின்று பன்றி கொழுக்கும். ஹேசலில் பருப்பும் வேலிக்குக் கழியும் கிடைக்கும். ஆஷ் ஈட்டிக் காம்புக்கு, யூ வீட்டுப் பாத்திரத்துக்கு, பைன் பிசினுக்கு. டாலர்களில் 'புதிய தொடக்கம்' என்று கொண்டாடப்படும் பிர்ச் இங்கே இரண்டாம் வகுப்புதான். முதல் எழுத்து அதன் பெயரில் இருப்பதால் வந்த பெருமை, காட்டில் செல்லவில்லை. எனக்கு இந்தப் பட்டியல்தான் பிடிக்கும். இதில் யாரும் யாருக்கும் குணம் சொல்லவில்லை.

எண்களில் மூன்றும் ஒன்பதும் நிஜமாகவே பழைய ஐரிஷ் நூல்களில் திரும்பத் திரும்ப வருபவை. மும்மூன்றாக அடுக்கிச் சொன்ன பழமொழித் தொகுப்பே ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. பிரிகித் தெய்வத்தை ஒரே பெயர் கொண்ட மூன்று சகோதரிகள் என்பார்கள். கரையிலிருந்து ஒன்பது அலை தாண்டினால் நாட்டெல்லை தாண்டியதாகக் கணக்கு. ஞானக் கிணற்றைச் சுற்றி ஒன்பது ஹேசல் மரம் நிற்கும்.

டாலரின் பின்பக்கத்து மூன்று சுழி அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் இருப்பது. அந்தக் கல்லறை மேடு கி.மு. 3200 வாக்கில் எழுந்தது. கெல்டிக் கலை என்று சொல்லப்படும் லா தேன் பாணி தொடங்குவது கி.மு. 450 வாக்கில். நடுவில் இரண்டாயிரத்து எழுநூறு வருஷம். சுழியைச் செதுக்கியவர்கள் அந்த மண்ணில் எழுத்தே இல்லாத காலத்து உழவர்கள். 'உடல், மனம், ஆன்மா' என்று டாலர் பெட்டியில் அச்சடித்திருப்பது அவர்கள் சொன்னது அல்ல. போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்பதில் சந்தேகமில்லை. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் வாசலுக்கு மேலே இருக்கும் திறப்பு வழியாக விடியல் வெளிச்சம் உள்ளறை வரைக்கும் போகும். அன்று உள்ளே நிற்க குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

இனி நிலாவின் பெயருக்கு வருவோம். ஓகத்தில் ஒரு நேர்கோடு, அதன் மேல் ஒன்றிலிருந்து ஐந்து வரை கீறல், அவ்வளவுதான் எழுத்து. கல்லில் அந்தக் கோடு தனியாக வரைவது இல்லை, கல்லின் விளிம்பே கோடு. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நான்கு குழு, குழுவுக்கு ஐந்து எழுத்து. விளிம்புக்கு வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து கீறல் என்றால் ப் (பம்பரத்தில் இரண்டாவதாக வரும் 'ப' ஒலி), ல், வ், ஸ், ந். இடப்பக்கம் என்றால் ஹ், ட் (டாக்டரில் முதலில் வரும் மெல்லிய ட), ட் (பட்டத்தில் வரும் அழுத்தமான ட), க் (பக்கத்தில் வரும் ஒலி), க்வ். விளிம்பைச் சாய்வாகக் கடந்தால் ம், க (கங்கையில் முதல் ஒலி), ங், ஸ்ட், ர். விளிம்பிலேயே சின்னப் பள்ளமாக இருந்தால் உயிரெழுத்து: அ, ஒ, உ, எ, இ. குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ழ, ள, ண, ய எதுவும் இல்லை. ஓகம் உருவான காலத்து ஐரிஷில் பல்லவியின் 'ப' ஒலியே இல்லாததால் அதற்கும் எழுத்தில்லை. உன் பெயரில் ய வருகிறது, இ போட்டுச் சமாளிக்கலாம். நிலாவுக்கு அந்தக் கவலையே இல்லை.

கீழிருந்து: ந் = வலப்பக்கம் 5 கீறல், இ = விளிம்பில் 5 பள்ளம், ல் = வலப்பக்கம் 2 கீறல், அ = 1 பள்ளம். மொத்தம் 13. எண் சோதிடம் பார்க்கும் உன் சித்தப்பாவிடம் இதைச் சொல்லாதே.

கட்டை 5 செ.மீ. சதுரம், 30 செ.மீ. நீளம் போதும். நன்றாகக் காய்ந்த ஓக் என்று கேட்டு வாங்கு. பச்சைக் கட்டை வீட்டுக்கு வந்து காயும்போது வெடித்து எழுத்தோடு பிளக்கும். கட்டையை நிறுத்தி வைத்து, முன்முகத்தின் இடது விளிம்பை எழுத்துக் கோடாக வைத்துக்கொள். அப்படிச் செய்தால் வலப்பக்கக் கீறல் எல்லாம் முன்முகத்தில் விழும், சுவரில் மாட்டினாலும் முழுப் பெயரும் தெரியும். வலது விளிம்பில் ஆரம்பித்து உள்நோக்கி, அதாவது இடப்பக்கமாகக் கீறிவிட்டால் ந் க்வ் ஆகும், ல் ட ஆகும். குழந்தையின் பெயர் 'க்விடா' என்று நிற்கும். கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பார், கிடா! சரியாகச் செதுக்கித் தலைகீழாக மாட்டினாலும் 'அடிக்வ்' ஆகிவிடும். அதனால் கட்டையின் பின்புறம் முதலிலேயே 'மேல்' என்று பென்சிலால் எழுதி வை.

அடியிலிருந்து 6 செ.மீ. விட்டுத் தொடங்கு. ஒரே எழுத்துக்குள் கீறலுக்குக் கீறல் 8 மி.மீ., எழுத்துக்கு எழுத்து 20 மி.மீ. முழுப் பெயருக்கு 13.2 செ.மீ. வரும். இந்த இரண்டு இடைவெளியும் கலந்துவிடக்கூடாது. ஒரே குழு எழுத்துகள் அடுத்தடுத்து வரும் பெயர்களில் ஒரு கீறலும் இரண்டு கீறலும் ஒட்டினால் மூன்று கீறல் எழுத்தாகிவிடும். நிலாவில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் தப்பித்தோம். மெய்க் கீறல் 3 செ.மீ. நீளம், 3 அல்லது 4 மி.மீ. ஆழம். கீறல் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போகிறது, ஆகவே உளி வைக்கும் முன் கூர்க் கத்தியால் இரு ஓரமும் வெட்டிவிடு. இல்லாவிட்டால் நார் பெயர்ந்து கீறல் பக்கவாட்டில் கிழியும். உயிர்ப் பள்ளத்துக்கு மெல்லிய ரம்பத்தால் ஒரு வெட்டு, பிறகு முக்கோண அரம். உளியால் அடித்தால் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

கம்ப்யூட்டரில் பெயரை ஓகமாக மாற்றித் தரும் பக்கங்கள் இடமிருந்து வலமாகப் படுக்கை வாட்டில் தரும். அதை நிறுத்தும்போது இடது முனை கீழே வரும்படி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்பு. பச்சை குத்திக்கொண்டவர்கள் பலர் தவறுவது இங்கேதான்.

மாட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்கு. ஓக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து சாதா இரும்போடு சேர்ந்தால், அந்த ஊர் மழைக்கு ஒரு மாதத்தில் கட்டையில் கருநீலக் கறை இறங்கும். மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டுப் போடு. இதை மாப்பிள்ளையிடமும் கண்டிப்பாகச் சொல்.

உளி எடுப்பதற்கு முன் கார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நடை போய்வா. பழைய கட்டடத்தில் கல் தாழ்வாரம் என்று இருக்கிறது, 28 ஓகம் கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கையோடு ஒரு டார்ச் கொண்டுபோ. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் தேய்ந்த கீறல் நிழல் விட்டுத் தெரியும். எடுத்ததும் முழுப் பெயரைப் படிக்க முயலாதே. ஒரு சாய்வுக் கீறல், ஒரு பள்ளம், இடப்பக்கம் ஐந்து கீறல், ஐந்து பள்ளம் என்ற வரிசையைத் தேடு. அது 'மக்வி', 'மகனுடைய' என்று பொருள். கற்களில் பெரும்பாலும் எழுதியிருப்பது 'இன்னாருடைய மகன் இன்னாருடைய', அதோடு சிலவற்றில் குலப்பெயர். மக்வியைப் பிடித்துவிட்டால் அதற்குக் கீழே இருப்பது மகன், மேலே இருப்பது தகப்பன். பள்ளம் விளிம்பில் இருப்பதால் அடிபட்டு முதலில் அழிவது உயிரெழுத்துதான். ஆய்வாளர்கள் சண்டை போடுவதும் பெரும்பாலும் அதற்காகத்தான். நம் பலகையில் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாகவே போடு.

கார் எடுத்தால் கில்லார்னி பக்கம் துன்லோவில் எட்டுக் கல் ஒரே இடத்தில் நிற்கின்றன. நிலாவையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

பென்சிலால் குறித்ததும் செதுக்காமல் போட்டோ எடுத்து அனுப்பு, கீறலை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். பலகையின் அடிமுனையும் படத்தில் விழட்டும். டாலருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேள். அம்மா நிலாவுக்குச் சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறாள், யார் மூலம் கொடுத்தனுப்புவது என்று எழுது.

அன்புடன்,
அப்பா