நுழைவதெல்லாம் பொருந்துவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேமிங் கணினியை முதன்முறையாக வீட்டிலேயே அசெம்பிள் செய்ய விரும்புவோருக்கென்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்த வேலையின் மீது பலருக்கும் இருக்கும் அச்சத்தைப் போக்கும் வகையில் அது எழுதப்பட்டிருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், ஒவ்வொரு பாகமும் தனக்குரிய இடத்தில் மட்டுமே நுழையும்படி செய்யப்பட்டிருப்பதால் தவறு நேர வழியில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை மறுப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நுழையாத பாகத்தால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம். கச்சிதமாக நுழைந்து, திருகும் முடுக்கப்பட்ட பிறகு, வேலை செய்யாமலோ அரைகுறையாக வேலை செய்தோ கழுத்தறுக்கும் பாகங்களே புதியவரைத் திண்டாட வைக்கின்றன.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையை மாற்றினேன். பழையதும் புதியதும் கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையைச் சேர்ந்தவை. பழைய கேபிள்கள் கேபினெட்டின் பின்புறம் அழகாகக் கட்டி ஒதுக்கப்பட்டிருந்ததால், அவற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பான புதிய பவர் சப்ளையில் அவற்றின் முனைகளையே செருகினேன். அதற்கென்றே செய்ததைப்போல அவை போய் உட்கார்ந்தன. பொத்தானை அழுத்தியதும் ‘சடக்’ என்று ஓர் ஓசை, பின்னாலேயே ஒரு கருகல் வாடை. தரவைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டும் ஒரே நொடியில் போயின. டிஸ்க்கில் மாட்டும் முனையில் எந்தக் கம்பியில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பதற்குப் பொது வரையறை இருக்கிறது. பவர் சப்ளையில் மாட்டும் மறுமுனைக்கு அப்படி எதுவும் கிடையாது என்பதும், ஒவ்வொரு நிறுவனமும், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுமேகூட, தத்தம் விருப்பப்படி அதை அமைத்துக்கொள்கின்றன என்பதும் எனக்கு அதன் பிறகே தெரியவந்தது. பவர் சப்ளையோடு பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் அதில் செருகக் கூடாது. தங்கள் கட்டுரையில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை.

கணினியின் மூளையான பிராசஸரும், பாகங்கள் எல்லாம் மாட்டப்படும் பலகையான மதர்போர்டும் பொருந்துகின்றனவா என்பதற்கு, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயரைப் பார்த்தால் போதும் என்று கட்டுரை சொல்கிறது. பெரும்பாலும் சரிதான், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.5 சாக்கெட் பலகையில் அதன் பழைய ஏ.எம்.4 பிராசஸரை யாரும் வைத்துவிட முடியாது. ஆயினும் இன்டெல் 2017-ல் செய்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த ஆண்டு வெளிவந்த எட்டாம் தலைமுறை பிராசஸர்கள், ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கு இருந்த அதே எல்.ஜி.ஏ.1151 என்ற பெயருடைய சாக்கெட்டிலேயே உட்காரும். தொடுமுனைகளின் எண்ணிக்கையும் அதே 1151தான். அப்படியிருந்தும் 100, 200 வரிசை சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட பழைய பலகைகளில் அவை இயங்குவதில்லை. 300 வரிசைப் பலகைதான் வேண்டும். பயன்படுத்திய பாகங்களை வாங்கி முதல் கணினியைக் கட்டுவோர் இன்றும் பலர் இருப்பதால் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

ஏ.எம்.டி. பக்கத்திலும் இதற்கு இணையான சிக்கல் உண்டு. ஏ.எம்.4 சாக்கெட் நீண்ட காலம் நிலைத்து நின்றதைப் பலரும் பாராட்டுகிறார்கள், நானும் பாராட்டுகிறேன். அந்த நீண்ட ஆயுளே ஒரு குழப்பத்துக்கும் காரணமாயிற்று. 2018-ல் வந்த பி450 பலகையில் 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசை பிராசஸர் ஓட வேண்டுமானால் அதன் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பயாஸைப் புதுப்பிக்கக் கணினி ஓட வேண்டும், கணினி ஓடப் புதுப்பித்த பயாஸ் வேண்டும் என்ற முட்டுச்சந்தில் பலர் சிக்கிக்கொண்டார்கள். பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ‘ஃபிளாஷ்பேக்’ பொத்தான் உள்ள பலகையை வாங்கியவர்கள் தப்பித்தார்கள். மறுபுறம், பலகை புதிதாக இருந்தால் பழைய பிராசஸர்கள் எல்லாம் ஓடிவிடும் என்று நினைப்பதும் தவறு: பி450-க்குப் பின் வந்த பி550 பலகை முதல் தலைமுறை ரைசனை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே சாக்கெட்டின் பெயரைப் பார்த்ததோடு நில்லாமல், வாங்க நினைக்கும் பலகையின் தயாரிப்பாளர் தம் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் பிராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, நாம் வாங்கப்போகும் பிராசஸரின் பெயருக்கு நேரே எந்தப் பயாஸ் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. அதைவிடப் பயனுள்ள ஐந்து நிமிடம் இந்த முயற்சி முழுவதிலும் வேறில்லை என்பது என் கருத்து.

கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைப் பொறுத்தவரை, அதன் இரு தலைமுறைகளான டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான் என்றாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றுக்குரிய ஸ்லாட்டில் மற்றது நுழையாது. இங்கே கட்டுரையாளர் சொன்னது உண்மை. ஆனால் இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டுக்கு இரு வகைப் பலகைகளும் விற்கப்பட்டன. பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘டி4’ போன்ற சிறு குறிப்பைக் கவனிக்காமல் பலகையும் ரேமும் தனித்தனியே வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல், நுழைந்த பிறகு வரும் பிழைகள் இரண்டு. நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் இரண்டு ரேம்களைப் பிராசஸருக்கு அருகிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதே வழக்கம். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டாலும் கணினி ஓடும், ஆனால் இரண்டும் ஒரே சானலில் (தரவு செல்லும் தடத்தில்) விழுந்துவிடுவதால் பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை பாதியாகக் குறுகிவிடும். அடுத்து, வேகம் 6000 என்று பெட்டியில் அச்சிட்ட டி.டி.ஆர்.5 ரேம், பயாஸுக்குள் போய் அந்த வேகத்தைத் தரும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்கும் வரை பெரும்பாலும் 4800 என்ற அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓட்டிக்கொண்டிருப்போரும் உண்டு.

மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வடிவ எஸ்.எஸ்.டி. பற்றி ஒன்று மட்டும். அந்த வடிவத்தில், தரவை அனுப்பும் முறையைப் பொறுத்து, வேகமான என்.வி.எம்.இ. வகையும் உண்டு, பழைய சாட்டா வகையும் உண்டு. என்.வி.எம்.இ. மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை அழகாக நுழையும். பயாஸில் மட்டும் தென்படாது. சில பலகைகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா இணைப்புகள் செயலிழந்துவிடும் என்பதும் கையேட்டின் அடிக்குறிப்பில் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருகிறேன். விளையாட்டுக்கென்று கட்டப்படும் கணினியில் செலவின் பெரும்பங்கு இதற்கே போகிறது. பல பலகைகளில் கார்டைச் செருகுவதற்கான, முழு நீளமுள்ள பி.சி.ஐ.இ. ஸ்லாட்டுகள் இரண்டு இருக்கும்; பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இவற்றில் மேலே உள்ளதற்கு 16 லேன்களும் (தரவுப் பாதைகள்), கீழே உள்ளதற்கு வெறும் 4 லேன்களும் இணைக்கப்பட்டிருப்பது சாதாரணம். கார்டின் பக்கமும் இப்படி உண்டு. 2022-ல் வந்த, ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துவதால், பி.சி.ஐ.இ. நான்காம் தலைமுறைப் பலகையில் தடையின்றி ஓடுவது, மூன்றாம் தலைமுறையே உள்ள பழைய பலகையில் சில விளையாட்டுகளில் கண்கூடாகத் தடுமாறும். எதுவும் பழுதில்லை, எல்லாம் பொருந்தியிருக்கிறது, வேகம் மட்டும் இல்லை.

மின்சாரக் கணக்கு அவ்வளவு கடினமானதன்று. ஸ்லாட் வழியாக 75 வாட், 8 முனை இணைப்பு ஒவ்வொன்றின் வழியாகவும் 150 வாட் என்பது வரையறை. எனவே ஓர் 8 முனை இணைப்புள்ள கார்டுக்கு 225 வாட் வரை இடமிருக்கிறது. புதிய 16 முனை இணைப்பு 600 வாட் வரை தாங்கும்படி வகுக்கப்பட்டது. ஆனால் 2022-ல் என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு வெளிவந்தபோது சில கார்டுகளில் இந்த இணைப்பு உருகிப்போனதும், அது முழுமையாக அழுத்தப்படாமல் இருந்ததே பரவலாகக் காணப்பட்ட பிரச்சினை என்று என்விடியா கூறியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அங்கும் முனை நுழைந்துதான் இருந்தது. கடைசி ஒரு மில்லிமீட்டர் மீதமிருந்தது.

கேபினெட்டின் அளவு, கூலரின் உயரம், கார்டின் நீளம் ஆகியவை பற்றித் தங்கள் கட்டுரை விரிவாகவே சொல்லிவிட்டது. டேப் வைத்து அளந்தால் தீரும் விஷயம் அது.

அண்மையில் என் தம்பி மகன் தன் முதல் கணினியைக் கட்டினான். ரைசன் 5 7600, டி.டி.ஆர்.5 ரேம். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனே தவிர கை வைக்கவில்லை. பொத்தானை அழுத்தினான், விசிறிகள் சுழன்றன, திரையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. “பெரியப்பா, போர்டு போயிடுச்சு” என்று சொல்லி அவன் ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டான். டி.டி.ஆர்.5 பலகை முதன்முறை உயிர்பெறும்போது ரேமின் நேர அளவுகளைத் தானே சோதித்துப் பதிந்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். சிறிது நேரத்தில் படம் வந்தது. அன்று மாலையே விளையாட்டு கட்டை வண்டிபோல் நகர்கிறது என்று மறுபடி அழைத்தான். மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகியிருந்தான். அந்த பிராசஸருக்குள்ளேயே சிறியதொரு கிராபிக்ஸ் பகுதி இருப்பதால் படம் தெரிந்தது. விலையுயர்ந்த கார்டு கீழே சும்மா கிடந்தது. ரைசன் 5 5600 போன்ற, உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசஸராக இருந்திருந்தால் திரை இருண்டே இருந்திருக்கும், தவறும் உடனே அகப்பட்டிருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுரையின் இறுதியில் பரிந்துரைப் பட்டியல் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அதில் பிராசஸரின் பெயர் ‘கோர் ஐ5 12400’ என்று மட்டுமே இருக்கிறது. அதே எண்ணோடு ‘எஃப்’ என்ற எழுத்து சேர்ந்தால் உள் கிராபிக்ஸ் இல்லாத வேறொரு பொருளாகிவிடும். மதர்போர்டுக்கு ‘பி660’ என்று சிப்செட்டின் பெயர் மட்டும் தரப்பட்டிருக்கிறது. அது எந்த ரேமுக்கான பலகை என்று தெரியவில்லை. இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, கடைசி எழுத்து உட்பட முழு மாடல் பெயரையும், தேவைப்படும் குறைந்தபட்சப் பயாஸ் பதிப்பையும், பட்டியல் எந்த மாதத்தில் சரிபார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாது என்றால், வண்ணமயமான கேபினெட்டின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்