படபடக்கும் இண்டிகேட்டர்

கண்ணு,

இடது இண்டிகேட்டர் போட்டால் மட்டும் டிக் டிக் சத்தம் படபடவென்று ஓடுகிறது, அதை மினுக்க வைக்கும் ரிலேயை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு ரிலேயில் கை வைக்க விடாதே. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரிலேதான். வலது பக்கம் ஒழுங்காக மினுக்கினால் அதில் கோளாறு இல்லை. இடது பக்கம் ஒரு பல்பு போயிருக்கும்.

முன்னால் 21 வாட், பின்னால் 21, பக்கவாட்டில் 5. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். பெரிய பல்பில் ஒன்று ஃபியூஸ் ஆனால் கரண்ட் பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும், ரிலே வேகம் பிடிக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லா இண்டிகேட்டரையும் ஒன்றாக மினுக்க வைக்கும் ஹசார்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வா. எது எரியவில்லை என்று தெரிந்துவிடும்.

முன்பக்கம்தான் என்றால், சாவியை எடுத்துவிட்டு, பல்பு ஆறட்டும் என்று கொஞ்சம் பொறு. பானட்டைத் திறந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டால் ஒயர் போகும் ஹோல்டர் தட்டுப்படும். அதை இடப்பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே கழன்று வரும். சில கார்களில் பேட்டரியோ ஏர் ஃபில்டர் டப்பாவோ வழிமறிக்கும். அப்படியானால் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மட்கார்டின் கிளிப்பைக் கழற்றி அந்த வழியாகப் போக வேண்டும். இடது பல்புக்கு ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்து வைத்தால் இடம் கிடைக்கும்.

பல்பை உள்ளே அழுத்தி, இடப்பக்கம் திருப்பி எடு. அழுத்தாமல் திருப்பினால் கண்ணாடி கையோடு வந்து, பித்தளை மூடி மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். பழைய துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்.

அந்தப் பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போ. தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். உன் காரில் இண்டிகேட்டரை மூடும் வெளிக் கண்ணாடி வெள்ளை, அதனால் பல்பு ஆரஞ்சாக இருக்க வேண்டும்: 12 வோல்ட், பி.ஒய். 21 டபிள்யூ. (PY21W) வகை. மூடியின் பக்கவாட்டில் இரண்டு சின்ன முளைகள் இருக்கும். இரண்டும் ஒரே உயரம், ஆனால் நேரெதிராக இருக்காது, கொஞ்சம் தள்ளியிருக்கும். அடியில் ஒரே ஒரு ஈயப் பொட்டு. முளைகள் நேரெதிராக இருந்தால் அது வெள்ளை பல்பு, பி 21 டபிள்யூ. ஆரஞ்சுக் கண்ணாடி உள்ள வண்டிக்கானது. அடியில் இரண்டு பொட்டு இருந்தால் பிரேக் லைட் பல்பு. "ஒரு முளையை ராவிவிட்டால் உட்கார்ந்துவிடும்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. உட்காரும்தான், ஆனால் இண்டிகேட்டர் வெள்ளையாக எரியும், எதிரே வருகிறவனுக்குப் புரியாது. முளையே இல்லாத வகையும் இருக்கிறது. அதை நேராக இழுத்து எடுத்து, நேராகச் செருகினால் போதும்.

எல்.இ.டி. பல்பு வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் சொற்பம்; பல்பு இல்லை என்றே ரிலே நினைத்துக்கொண்டு மறுபடி படபடக்கும். அதைச் சரிக்கட்ட, கரண்டை வீணாக இழுக்கும் ரெசிஸ்டர் ஒன்றை வைப்பார்கள், அது சுடும், பக்கத்துப் பிளாஸ்டிக் உருகும். எதற்கு இந்த வேலை?

புதுசைப் போடுமுன் ஹோல்டருக்குள் பார். பச்சையாகப் பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடு. ஹோல்டரின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். அதையும் மாற்று, இல்லாவிட்டால் புது பல்பும் சீக்கிரம் போகும். கை படக்கூடாது என்ற கட்டாயம் ஹெட்லைட் ஹாலஜனுக்குத்தான். இதைத் துடைத்துப் போட்டால் சரி.

ஹோல்டரை மூடுமுன் எரியவிட்டுப் பார். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மினுக்க வேண்டும். பிறகு பார்க்கிங் லைட்டையும் சேர்த்துப் போடு. இண்டிகேட்டரோடு அதுவும் சீரியல் செட் மாதிரி மினுக்கினால் பல்பில் குறையில்லை, விளக்கிலிருந்து கார் பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் இணைப்பு விட்டிருக்கிறது. அதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் காட்டி, "எர்த் பாருங்க" என்று சொல்.

வாங்கும்போது இரண்டாக வாங்கி வலது பக்கமும் மாற்றிவிடு. அந்த பல்புக்கும் இதே வயதுதான், ஆரஞ்சுப் பூச்சும் வெளுத்திருக்கும்.

அம்மா